குண்டுப் பையனுக்கும் ஜெர்சி உண்டு!

இந்த வாரம் நீங்கதான் செலக்டர். கோட்டு, சூட்டு எல்லாம் வேணாம். ஜவ்வாது மலைக்கு பஸ் ஏறி, ஜமுனாமரத்தூர்ல இறங்குங்க. சுத்துப்பட்டு கிராமத்துப் பசங்க எல்லாம் வந்து நிக்கிறதா வெச்சுக்கோங்க. அவங்கள்ல இருந்து ஒரு ரக்பி டீமுக்கு 15 பேரைப் பொறுக்கணும். யாரை எடுப்பீங்க?

'ரன்னிங் ரேஸ் வெச்சு முதல் 15 பேரை எடுத்துடுவேன்'னு சொன்னீங்கன்னா... ஸாரி! ஆட்டம் ஆரம்பிச்ச பத்தாவது நிமிஷமே உங்க டீம் காலி.

ஏன்? ரக்பியில 8 பேர் ஃபார்வர்ட்ஸ், 7 பேர் பேக்ஸ். முட்டி மோதி பந்தைப் பிடுங்கித் தர்றது முக்கியமா ஃபார்வர்ட்ஸ் வேலை. அதை வாங்கிட்டுப் பறக்கறது பேக்ஸ் வேலை. 'ஸ்க்ரம்'னு ஒண்ணு இருக்கு. எட்டுக்கு எட்டு பேர் குனிஞ்சு, தோளோடு தோள் பூட்டித் தள்ளணும். முன்வரிசையில நடுவுல ஹூக்கர், ரெண்டு பக்கமும் ப்ராப். அங்கே ஒல்லிப்பிச்சானை நிறுத்தினா கழுத்துக்கே ஆபத்து. பி.டி. பீரியட்ல 'நீ ஓரமா உக்காருடா'ன்னு ஒதுக்கப்பட்ட குண்டுப் பையன் இருப்பான் பாருங்க, அவனுக்கான இடம் அது. நம்பர் 1 ஜெர்சியே ப்ராப்புக்குத்தான்!

பந்து பக்கவாட்டுல வெளியே போனா 'லைன்-அவுட்'. அதுல எகிறிப் பிடிக்க நெட்டைக்கொக்கு மாதிரி லாக் வேணும். ஸ்க்ரம்ல இருந்து பந்தை எடுத்துக் கைமாத்தறது நம்பர் 9, ஸ்க்ரம்-ஹாஃப். பல டீம்ல இவர்தான் ரொம்பக் குள்ளம், வாயும் ஜாஸ்தி! உதைக்கிறதா, பாஸ் பண்றதான்னு முடிவெடுக்கற மூளை நம்பர் 10. உங்க ரேஸ் ஹீரோக்களுக்கு இடம்? ரெண்டு ஓரத்துல இருக்கற விங்ல. அதனால மலைப் பசங்கன்னா எல்லாரும் ஓட்டக்காரங்கன்னு ஒரே அச்சுல வார்க்காதீங்க. ஒவ்வொருத்தரையும் தனித்தனியா பாருங்க.

சரி, 15 பேர் ரெடி. ஒருத்தருக்கு அடிபட்டா? இங்கேதான் நிஜமான செலக்டருக்கு டெஸ்ட்.

2023 உலகக் கோப்பைக்கு ஒவ்வொரு நாடும் 33 பேரைக் கூட்டிட்டுப் போச்சு. தென்னாப்பிரிக்காவோட ஸ்டார் ஹூக்கர் மால்கம் மார்க்ஸுக்குப் பாதியில காயம். இன்னொரு ஹூக்கரைத்தானே கூப்பிடணும்? அவங்க கூப்பிட்டது ஹான்ட்ரே போலார்டை. நம்பர் 10 ஆடறவர், உதை மன்னன்! ஃபைனல்ல நியூஸிலாந்தோட மோதறப்போ, இருந்த ஒரே முழுநேர ஹூக்கர் போங்கி எம்போனாம்பியும் ஆரம்பத்துலயே காயம்பட்டு வெளியே போயிட்டார். உள்ளே வந்தவர் 37 வயசு டியான் ஃபூரி. ஃப்ளாங்கரா ஆடிட்டிருந்தவர், ஆனா பழைய ஹூக்கர். லைன்-அவுட்ல தடுமாறினாலும் கடைசி வரைக்கும் தாக்குப்பிடிச்சார். ஸ்கோர் 12-11. அந்த 12 பாயின்ட்டும் போலார்டோட கால்ல இருந்து வந்தது!

ரிஸ்க்தான். ஆனா அந்த ரிஸ்க்கை எடுக்க வெச்சது ரெண்டு வேலை தெரிஞ்ச ஒரு சீனியர். பெஞ்ச்ல உட்கார வைக்க ரெண்டாவது ஸ்டாரைத் தேடாதீங்க, ரெண்டு இடத்துல நிக்கத் தெரிஞ்சவரைத் தேடுங்க.

நம்ம ஊர் கதைக்கு வருவோம். 2019 ஜூன், பிலிப்பைன்ஸ். இந்தியப் பெண்கள் அணி சிங்கப்பூரை 21-19ன்னு ஜெயிச்சது. 15 பேர் ஆடற ரக்பியில நம்ம பெண்களுக்கு அதுதான் முதல் சர்வதேச வெற்றி. கடைசி நிமிஷங்கள்ல பெனால்டி உதைச்சு ஜெயிக்க வெச்சவர் சுமித்ரா நாயக். ஒடிசாவுல புவனேஸ்வர்ல பழங்குடிப் பிள்ளைகள் தங்கிப் படிக்கற 'கிஸ்' பள்ளியில வளர்ந்தவர். அந்தக் காலகட்டத்துல கேப்டனா இருந்த வாபிஸ் பருச்சா, புனேவைச் சேர்ந்த பிசியோதெரபிஸ்ட். நகரமும் கிராமமும் ஒரே ஸ்க்ரம்ல! 2007-லயே இதே பள்ளியின் 14 வயசுக்குட்பட்ட பசங்க லண்டன்ல சர்வதேசக் கோப்பை தூக்கினாங்க. 2022-ல வந்த 'ஜங்கிள் க்ரை' படம் அவங்க கதைதான்.

அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைச்சது என்ன? மூணு வேளை சாப்பாடு, தங்க இடம், கத்துக்கொடுக்க ஒரு கோச், ஓட ஒரு மைதானம். மந்திரம் ஒண்ணும் இல்ல. ஜவ்வாது மலையிலயும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் படிக்கற அரசு உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கு. சாமையும் தினையும் விளையற மண்ணு இருக்கு. கோச் எப்போ மலை ஏறுவார்ங்கறதுதான் கேள்வி. 2025-ல நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக்ல சாம்பியன் சென்னை புல்ஸ்னு காலரைத் தூக்கி விட்டுக்கறோம். இனி நம்ம மலைப் பிள்ளைகளையும் தேடணும்ல?

'எல்லாருக்கும் திறந்த செலக்‌ஷன்'னு போர்டு மாட்டறது ஈஸி பாஸ். ஆனா காலை ஏழு மணிக்குத் திருவண்ணாமலையில ட்ரையல்னா, ஜமுனாமரத்தூரைத் தாண்டி உள்ளே இருக்கற கிராமத்துப் பொண்ணு எத்தனை மணிக்குக் கிளம்பணும்? மலை இறங்கி, போளூர் வந்து, அடுத்த பஸ் பிடிச்சு... வந்து சேரும்போது லிஸ்ட் ஒட்டியிருப்பாங்க. அப்புறம் 'மலையில திறமை இல்லப்பா'ன்னு ஒரு பெருமூச்சு!

உங்க காலேஜ்லயும் அடுத்த மாசம் ஏதாவது ஒரு டீம் எடுப்பீங்க. கபடியோ, கல்ச்சுரல்ஸோ, ப்ராஜெக்ட்டோ... பேரை எழுதறதுக்கு முன்னாடி, 'என்னென்ன வேலை இருக்கு?'ன்னு எழுதுங்க. அப்புறம் ஹாஸ்டல்ல, லாஸ்ட் பெஞ்ச்ல, ரெண்டு பஸ் மாறி வர்ற கூட்டத்துல தேடுங்க. உங்க நம்பர் 1 அங்கேதான் எங்கேயோ ஓரமா உட்கார்ந்திருப்பான்!