பிரபுவை ஏன் வெறுக்க முடியவில்லை?

நாவல் பற்றிப் பேசும் கூட்டங்களில் இரண்டு குரல்கள் தவறாமல் கேட்கின்றன. "எந்தப் பாத்திரமும் மனசுல ஒட்டல, அதான் பாதியில வச்சிட்டேன்" என்பது ஒன்று. பாத்திரத்தோடு ஒன்றிப்போவது தொடர்கதை வாசகரின் பழக்கம், தேர்ந்த வாசகர் மொழியையும் வடிவத்தையும்தான் பார்ப்பார் என்பது மற்றொன்று. சிற்றிதழ்கள் பெரும்பாலும் இரண்டாவது குரலின் பக்கம் நின்றிருக்கின்றன. 1980களில் அமைப்பியல் பேசப்படத் தொடங்கியபோது அதற்குக் கோட்பாட்டு பலமும் கிடைத்தது. நாயகனை ரசிப்பதே வாசிப்பு என்று வணிக இதழ்கள் பழக்கியிருந்த காலத்தில் அந்த மறுப்பு தேவைப்பட்டது. ஆனால் நாவலின் ஆதாரமான சக்தி ஒன்றையும் அது சேர்த்தே ஒதுக்கிவிட்டது. முந்நூறு பக்கம் தாண்டியும் நம்மைப் படிக்க வைப்பது, அதில் வரும் மனிதர்களுக்கு இனி என்ன ஆகுமோ என்ற கவலை. அந்தக் கவலை எப்படி உண்டாகிறது என்று நாம் போதுமான அளவு பேசவில்லை.

ஜெயகாந்தனின் கங்காவை எடுத்துக்கொள்வோம். அவள் கதை முதலில் 1966இல் ஆனந்த விகடனில் 'அக்கினிப் பிரவேசம்' என்ற சிறுகதையாக வந்தது. மழை நாளில் முன்பின் தெரியாதவனின் காரில் ஏறும் கல்லூரிப் பெண், அவன் இச்சைக்கு இரையாகி வீடு திரும்புகிறாள். அம்மா அவள் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று ஏற்றுக்கொள்கிறாள். அந்த முடிவு பெரிய விவாதத்தைக் கிளப்பியது. அம்மா செய்தது சரியா தவறா என்றுதான் எல்லோரும் சண்டையிட்டார்கள். அந்தப் பெண் மறுநாள் எப்படி எழுந்தாள், அடுத்த பத்து ஆண்டுகளை எப்படிக் கழித்தாள் என்ற கேள்விக்குச் சிறுகதையில் இடமில்லை.

அந்த இடத்தை ஜெயகாந்தன் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில் உண்டாக்கினார். அதில் அம்மா மன்னிக்கவில்லை. கத்தி ஊரைக் கூட்டிவிடுகிறாள். அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்துகிறான். மாமா ஆதரித்துப் படிக்க வைக்கிறார். படிக்க வைத்தவரே அவள்மீது கண்வைக்கிறார். கங்கா வேலைக்குப் போகிறாள், பஸ் நெரிசலில் ஆண்களின் உரசலைச் சகித்து நிற்கிறாள். ஒருநாள் பத்திரிகையில் 'அக்கினிப் பிரவேசம்' கதையைப் படிக்கிறாள். நாவலுக்குள் அதை எழுதியவர் ஆர்.கே.வி. என்னும் எழுத்தாளர். தனக்கு நடந்ததையே படிக்கிறாள். ஆனால் கதையில் இருக்கும் தாய் தனக்கு வாய்த்த தாயல்ல என்பதையும் சேர்த்துப் படிக்கிறாள். கதாபாத்திரம் வாசகரை என்ன செய்யும் என்பதை இவ்வளவு கூர்மையாகக் காட்டிய இடம் தமிழ் நாவலில் அரிது. அந்தக் கதை அவளைத் தேற்றி உட்கார வைக்கவில்லை. மாமாவின் சீண்டலோடு சேர்ந்து, அந்தக் கார்க்காரனைத் தேடிப் போக வைக்கிறது.

அவன்தான் பிரபு. அவனை வெறுக்கத் தயாராகவே நாம் பக்கத்தைப் புரட்டுகிறோம். வருகிறவனோ மனைவியிடமும் மதிப்பிழந்து, தன்மீதே மரியாதை இல்லாத, பணக்கார வீட்டு அப்பாவி. அவனும் கங்காவும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். செய்த குற்றம் துளியும் குறையவில்லை, அதை மன்னிக்க நாவல் ஒரு காரணமும் தரவில்லை. ஆனாலும் ஒரு கட்டத்தில் அவன் வருகைக்காகக் கங்காவோடு நாமும் காத்திருக்கத் தொடங்குகிறோம். நாவலின் பெரும்பகுதியைச் சொல்பவள் கங்கா. அவள் கண்ணில் வெறுப்பு தளரும்போது நம் கண்ணிலும் தளர்கிறது. நம்மைப் போன்றவர், நல்லவர், அதனால் பிடிக்கிறது என்ற கணக்கு இங்கே செல்லாது. ஒருவரோடு நெடுநேரம் இருக்க வைப்பதால் நாவல் இதைச் சாதிக்கிறது. பிடிக்கக் கூடாதவரைப் பிடித்துப்போன சங்கடமும் சேர்ந்ததுதான் அந்த நாவலைப் படிக்கும் இன்பம்.

நேரம் என்றதும் தொடர்கதையை நினைக்காமல் இருக்க முடியாது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வந்தது. அத்தனை ஆண்டுகள் உடன் வாழ்ந்தவர்கள் என்பதால்தான் குந்தவையும் வானதியும் பூங்குழலியும் தமிழ் வீடுகளில் பிள்ளைகளின் பெயர்களானார்கள். நந்தினியை நல்லவள் என்று யாரும் சொல்லவில்லை; மறக்கவும் யாராலும் முடியவில்லை. கல்கியின் வாசகர்களை எளியவர்கள் என்று ஒதுக்குவோர் இதை யோசிக்க வேண்டும்.

இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) இன்னும் கடினமான இடத்துக்கு நம்மைக் கொண்டுபோகிறது. தலித் காலனிக்குத் துணி வெளுக்கும் ஆரோக்கியம் வீரம் எதுவும் காட்டுவதில்லை. அழுக்கெடுக்கிறாள், வெளுக்கிறாள், களத்தில் உழைக்கிறாள், பிள்ளைப்பேறு பார்க்கிறாள், சாவு வீட்டில் வேலை செய்கிறாள், இருட்டியதும் வீடு வீடாகச் சோறெடுக்கிறாள். களத்தில் அவளுக்கு எவ்வளவு தானியம் விழும் என்ற கணக்கு மெல்ல நம் கணக்காகிவிடுகிறது. அடுத்த முறை குறைந்து விழும்போது நமக்கும் வயிறு எரிகிறது. அந்தச் சோற்றைப் போடுகிற பக்கம் நின்ற குடும்பங்களிலிருந்து வந்த வாசகர்கள் நம்மில் பலர். ஆரோக்கியத்தோடு ஒன்றுவது அவர்களுக்குத் தங்கள் வீட்டு வாசலைத் தெருவிலிருந்து பார்ப்பது. தலித்துகளையே ஒடுக்குபவர்களாகக் காட்டுகிறது என்று இந்த நாவல் கடுமையாக விமர்சிக்கப்பட்டது. அந்த விவாதத்துக்கு நியாயம் உண்டு. ஆனால் அதில் ஆரோக்கியம் என்ற மனுஷி பலமுறை காணாமல் போனாள்.

பாத்திரத்தைத் தள்ளி நிறுத்தும் நாவல்களும் நமக்கு வேண்டும். 'ஜே.ஜே: சில குறிப்புகள்' தன் நாயகன் ஜே.ஜே.யைக் குறிப்புகளாகவே தருகிறது. அப்படியும் ஜே.ஜே.க்காக வருந்தியவர்கள் இருக்கிறார்கள். வடிவத்தின் குளிர்ச்சி அதைத் தடுக்கவில்லை.

எங்களுக்கு வரும் மதிப்புரைகளில் பாத்திரங்கள் ஏதோ ஒன்றின் பிரதிநிதிகளாகவே வருகிறார்கள்: சாதியின், வர்க்கத்தின், பெண் ஒடுக்குமுறையின். எழுதியவருக்கு அந்த மனிதரைப் பிடித்ததா, அவரால் தூக்கம் கெட்டதா என்று கண்டுபிடிக்க முடிவதில்லை. அதை எழுதுவது விமர்சனத்தின் தரத்தைக் குறைக்கும் என்ற தயக்கம் இனி வேண்டாம். அடுத்த இதழிலிருந்து இதற்கென்றே பக்கங்கள் ஒதுக்குகிறோம். உங்களைத் தொந்தரவு செய்த ஒரு பாத்திரத்தைப் பற்றி, நாவலின் எந்த இடத்தில் அந்த மனிதர் உங்களைப் பிடித்துக்கொண்டார் என்பதைக் குறிப்பிட்டு எழுதி அனுப்புங்கள்.