1914: பங்குச் சந்தைக்கே பூட்டு போட்ட வருடம்

1914 என்றால் எல்லோருக்கும் ஞாபகம் வருவது சரயேவோதான். ஜூன் 28 அன்று ஆஸ்திரிய இளவரசரையும் அவர் மனைவியையும் சுட்டார்கள், அடுத்த மாதம் உலகப் போர் ஆரம்பம்... ஸ்கூலில் ஐந்து மார்க் கேள்வி. காமர்ஸ் படிக்கிற என்னைக் கேட்டால் அந்த வருடத்தின் பெரிய தேதி ஜூலை 31. அன்றைக்குத்தான் லண்டன் பங்குச் சந்தையை மூடினார்கள். அதே நாளில் நியூயார்க்கும் மூடியது.

சந்தை விலைக்குள் எல்லாத் தகவலும் அடக்கம் என்று நாம் படிக்கிறோம் அல்லவா? யூஜின் ஃபாமாவுக்கு 2013இல் நோபல் பரிசே கொடுத்தார்கள். ஆனால் சரயேவோ கொலைக்குப் பிறகு ஏறக்குறைய மூன்று வாரம் லண்டன் விலைகள் பெரிதாக அசையவில்லை. ஜூலை 23இல் ஆஸ்திரியா செர்பியாவுக்குக் கெடு வைத்த பிறகுதான் அடித்துப் பிடித்துக்கொண்டு விற்றார்கள். ஆரூடம் சொல்வது சந்தையின் வேலை இல்லையே என்பீர்கள். சரி. ஆனால் யார் யாரோடு கூட்டணி, யாரிடம் எத்தனை போர்க்கப்பல் என்பதெல்லாம் அன்று பேப்பர் படிக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். தகவல் இருந்தது. யாரும் அதற்கு விலை போடவில்லை, அவ்வளவுதான்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்து நடந்தது. நாம் அக்கவுண்ட்ஸில் மாரடிக்கும் மாற்றுச்சீட்டு, அதாவது பில் ஆஃப் எக்ஸ்சேஞ்ச், அன்றைய உலக வியாபாரத்தின் ரத்த ஓட்டம். ஹாம்பர்க் வியாபாரி அர்ஜென்டினாவில் சரக்கு வாங்கினாலும், "இவர் தராவிட்டால் நான் தருகிறேன்" என்று லண்டன் நிறுவனம் ஒன்று கையெழுத்துப் போடும். கமிஷன் வாங்கிக்கொள்ளும். இப்படிச் சுமார் 35 கோடி பவுனுக்குச் சீட்டுகள் சுற்றிக்கொண்டிருந்தன. போர் வந்ததும் ஹாம்பர்க்காரர் பணம் அனுப்ப வழி இல்லை. கையெழுத்துப் போட்டவர் தலையில் துண்டு!

பேங்க் ஆஃப் இங்கிலாந்து வட்டியை ஜூலை 30இல் 3லிருந்து 4 சதவீதம் ஆக்கியது, மறுநாள் 8, அதற்கு மறுநாள் 10. பிறகு வங்கிகளுக்கே நாலு நாள் லீவு. ஆகஸ்ட் 7இல் திறந்தபோது தங்க நாணயத்துக்குப் பதில் அரசு அச்சடித்த ஒரு பவுன் நோட்டு வந்தது. அவசரத்தில் தபால் தலைக்கு வைத்திருந்த காகிதத்தில் அச்சடித்தார்களாம்! அப்புறம் அந்த மாற்றுச்சீட்டுகளை பேங்க் ஆஃப் இங்கிலாந்து வாங்கிக்கொண்டது. நஷ்டம் வந்தால் அரசு பொறுப்பு. கமிஷன் தனியாருக்கு, நஷ்டம் மக்களுக்கு. 2008இல் அமெரிக்காவில் பார்த்தது இதுதானே?

அரசு செய்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. செய்யாவிட்டால் வியாபாரமே நின்றிருக்கும். கப்பல் இன்சூரன்ஸைப் பாருங்கள். போர் அபாயத்தில் 80 சதவீதத்தை பிரிட்டிஷ் அரசே ஏற்றது. செப்டம்பரில் ஜெர்மனியின் எம்டன் வங்காள விரிகுடாவுக்குள் புகுந்து சரக்குக் கப்பல்களை வரிசையாக மூழ்கடித்தது. 22ஆம் தேதி இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய் டாங்குகளையும் கொளுத்திவிட்டுப் போனது. (நம்ம ஊரில் கில்லாடி ஆளை "சரியான எம்டன்" என்பது அதனால்தான்.) இந்த நிலைமையில் எந்தத் தனியார் கம்பெனி தைரியமாக பாலிசி எழுதும்?

எனக்குக் கோபம் வேறு இடத்தில். "அரசு தலையிடாதே, சந்தை தானே சரி செய்துகொள்ளும்" என்று பாடம் நடத்தும்போது இந்த ஆகஸ்ட் மாதத்தை ஏன் விட்டுவிடுகிறார்கள்? லண்டன் பங்குச் சந்தையை மறுபடி திறந்தது 1915 ஜனவரி 4இல். அப்போதும் பல பங்குகளுக்குக் குறைந்தபட்ச விலை போட்டு, அதற்குக் கீழே விற்கக் கூடாது என்று உத்தரவு. அதற்கும் பெயர் சந்தைதான்.