'இழந்த மெழுகு' என்னும் பிழைவழக்கு

உலோகப் படிமக்கலை பற்றித் தமிழில் எழுதுவோர் சிலர் 'இழந்த மெழுகு முறை' என்றே எழுதி வருகின்றனர். இஃது ஐரோப்பியச் சொல்லின் நேர்பெயர்ப்பு. பட்டறையைக் கண்டு பிறந்த சொல்லன்று. சுவாமிமலையில் தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் கூட்டி வடித்த படிமத்தின்மீது காவிரி வண்டலைப் பூசி உலர்த்தி, வறட்டி மூட்டிச் சூடேற்றுவர். உருகி வழியும் மெழுகு ஏந்திக் கொள்ளப்பெற்று மீண்டும் பயன்படுகிறது. மீளாதது உடைக்கப்படும் மண் அச்சே. ஓர் அச்சில் ஒரு படிமமே பிறப்பதும் அதனாலேயே.

மெழுகு அளவுகோலும் ஆகும். 12ஆம் நூற்றாண்டு மானசோல்லாசம், மெழுகின் எடையைப்போல் வெள்ளி 12 மடங்கும் பொன் 16 மடங்கும் கொள்ளுமாறு விதிக்கிறது. மானசாரம் தரும் 'மதூச்சிட்ட விதானம்' என்ற பெயரோ, தேன் போக எஞ்சிய பொருளாகிய மெழுகை மட்டுமே சுட்டுகிறது. இழப்பு என்னும் கருத்து அதில் எங்குளது?

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் படிமங்களைக் 'கனம்', 'பொள்ளல்' எனப் பிரித்துரைக்கின்றன. அவை கண்முன் இருக்க, 'திண்ம வார்ப்பு', 'உள்ளீடற்ற வார்ப்பு' எனப் புனைவது வீண் உழைப்பு. (அகராதி புரட்டுவது எளிதுதான்.) சொல்லாக்கம் செய்தோர் ஸ்தபதியரின் உலைக்களத்தில் ஒரு நாள் அமர்ந்திருப்பின், 'மெழுகுப்படிம வார்ப்பு' என்பதே போதுமெனக் கண்டிருப்பர்.