கேபின் மாறலாம், சேஸிஸ் எண் மாறலாமா?



போடியிலிருந்து அரிசியும் பலசரக்கும் மலையேறுகின்றன. மேலிருந்து ஏலக்காயும் மிளகும் காப்பியும் இறங்குகின்றன. போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஓடும் லாரிக்குத் தேய்மானம் அதிகம். பழைய வண்டிக்கு வேறு கேபின் வைப்பதும், விரிசல் விட்ட சேஸிஸை மாற்றுவதும் நமக்குப் புதிதல்ல. ஆனால் இரண்டும் ஒன்றே என்று நம்மில் சிலர் நினைப்பதுதான் கவலை தருகிறது.

லாரிக்கு அடையாளம் அதன் முகம் அன்று. சேஸிஸில் பொறித்த எண்ணே. நசுங்கிய கேபினை எடுத்துவிட்டு அதே மாதிரிக் கேபினைப் பொருத்தினால் அந்த எண் அப்படியே இருக்கும். சேஸிஸை மாற்றினால் எண்ணும் போய்விடும். பழைய எண்ணை வெட்டி ஒட்டினாலோ, புதிதாகக் குத்தினாலோ, திருட்டு வண்டிக்குச் செய்யும் வேலையாகவே அது பார்க்கப்படும்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆவது பிரிவு, வண்டியிலுள்ள சேஸிஸ் எண்ணோ என்ஜின் எண்ணோ ஆர்.சி.யோடு பொருந்தாவிட்டால், உரிமையாளரின் விளக்கத்தைக் கேட்டபின் பதிவை ரத்து செய்யச் சொல்கிறது. தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 52ஆவது பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அவ்வாண்டுத் திருத்தப்படி, அனுமதியற்ற மாற்றத்துக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு ரூ.5,000 அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

“வண்டி நம்முடையது, காசும் நம்முடையது” என்பார்கள். உண்மைதான். ஆனால் வண்டி வழியில் முடக்கப்பட்டால், உள்ளே இருக்கும் ஏலக்காய் மூட்டைகள் யாருடையவை? விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பார்ப்பதும் அந்த எண்ணைத்தான்.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை சில. பட்டறைக்குப் போகுமுன் தேனி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் அனுமதி கேளுங்கள். பைனான்ஸ் பாக்கி இருந்தால் அவர்கள் சம்மதத்தையும் எழுத்தில் பெறுங்கள். பட்டறை பில்லைப் பத்திரப்படுத்துங்கள். ஆய்வாளர் பார்க்கும் வரை பழைய சேஸிஸைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். பழைய லாரி வாங்குவோர் சேஸிஸ் எண்ணில் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்து, ஆர்.சி.யோடு ஒப்பிட்ட பிறகே முன்பணம் கொடுங்கள்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். நேர்மையாகப் பழுது பார்ப்பவன் அலைக்கழிக்கப்பட்டால் அவன் குறுக்கு வழியைத்தான் தேடுவான். சேஸிஸ் மாற்ற என்னென்ன தாள்கள் தேவை, எத்தனை நாளில் முடியும் என்பதைத் தமிழில் எழுதி அலுவலக வாசலில் ஒட்டட்டும். சட்டத்தை மதிக்க நாம் தயார்; வழியைத் தெளிவாகக் காட்டினால் போதும்.