திறவாத சிப்பி

இன்னும் கடைக்கு வராத ஒரு கேம் கன்சோலுக்குள், அதாவது தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடுவதற்கென்றே செய்யப்படும் கணினிப் பெட்டிக்குள், எந்தச் சில்லு இருக்கும், எவ்வளவு நினைவகம் இருக்கும் என்று முன்கூட்டியே கணிப்பதை வேலையற்றோரின் பேச்சு என்று ஒதுக்கிவிடும் வழக்கம் இருக்கிறது. அப்படி ஒதுக்குவது சரியன்று. பார்க்காத பொருளின் உள்ளீட்டை மதிப்பிட்டு அதற்குப் பணம் எடுத்துவைப்பது வணிகத்தின் மிகப் பழைய செயல்களில் ஒன்று. மணப்பாட்டுக்கும் உவரிக்கும் இடையில் கடலைப் பார்த்து அமைந்த பெரியதாழை உள்ளிட்ட முத்துக்குளித்துறை ஊர்கள் அதை நூற்றாண்டுக் கணக்கில் அறிந்தவை. இந்தக் கரையில் முத்துச்சிப்பி திறக்கப்படாமலேயே ஏலம் போயிற்று.

சலாபம் எனப்பட்ட முத்துக்குளிப்புக் காலத்தில், சிப்பிகள் ஒட்டி வளரும் கடலடிப் பாறைத்தளங்களாகிய பார்களிலிருந்து குளிகாரர்கள் மூழ்கி எடுத்துவந்த சிப்பிகளில், அவர்களுக்குரிய பங்கு போக மீதி அரசுக்குச் சேர்ந்தது; அதை ஆயிரம் ஆயிரமாக எண்ணி ஏலம் விட்டனர். வாங்கியவருக்குக் கிடைத்தது முத்தா, வெறும் ஓடா என்பது சிப்பிகளை அழுகவிட்டுக் கழுவி அரித்த பிறகே தெரியவந்தது. ஆயினும் அந்த ஏலம் கண்ணைக் கட்டிக்கொண்டு ஆடிய ஆட்டமாக இருக்கவில்லை. சலாபத்துக்கு முன்னரே பாரிலிருந்து மாதிரிக்கென்று சிப்பிகளை எடுத்து, அவற்றிலிருந்து கிடைத்த முத்துகளைத் தரம்பிரித்து, முத்து அறிந்தவர்களைக் கொண்டு மதிப்பிட்டு, ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபாய் பெறும் என்று வெளிப்படையாக அறிவித்த பின்னரே வணிகர்கள் அழைக்கப்பட்டனர். மூழ்கும் குளிகாரரின் கயிற்றைப் போல, ஊகத்தை மேலே இருக்கும் ஒரு கையோடு கட்டிவைத்த ஏற்பாடு அது.

கயிறு அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கும் இதே கடலில் சான்று உண்டு. அக்கரையில், இலங்கையின் மரிச்சுக்கட்டியை ஒட்டி நடந்த 1905ஆம் ஆண்டின் முத்துக்குளிப்பில் ஏறத்தாழ 8 கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டு, அரசுக்குச் சுமார் 25 லட்சம் ரூபாய் வருவாய் கிடைத்தது. அதற்கு அடுத்த ஆண்டே ஒரு பிரித்தானிய நிறுவனம் இலங்கைப் பார்களை ஆண்டுக்கு 3,10,000 ரூபாய்க் குத்தகைக்கு 20 ஆண்டுகளுக்கு எடுத்துக்கொண்டது. 1907க்குப் பிறகு பார்கள் வெறுமையாயின. அடுத்த குளிப்பு 1925இல்தான் நடந்தது. நிறுவனம் அதற்கு வெகு முன்பே கலைந்துபோனது. சென்ற விளைச்சலை வைத்து வரும் விளைச்சலை எண்ணியதே அதன் பிழை. கன்சோல் ஊகத்திலும் இதே பிழை திரும்பத் திரும்ப நேர்கிறது. 2006இல் வந்த பிளேஸ்டேஷன் 3, ‘செல்’ என்ற தனிப்போக்கான செயலியைக் கொண்டிருந்தது. அதை நீட்டிப் பார்த்து அடுத்ததைக் கணித்திருந்தால், 2013இல் பிளேஸ்டேஷன் 4 அந்த வழியையே கைவிட்டு, சாதாரணக் கணினிகளின் குடும்பத்தைச் சேர்ந்த ஏஎம்டி நிறுவனச் சில்லுக்கு மாறியதைக் கண்டிருக்கவே முடியாது.

கன்சோல் விஷயத்தில் எது முன்னால் தெரியும், எது தெரியாது என்பதைப் பிரித்தறிய, பெரிதும் பேசப்படும் டெராஃப்ளாப்ஸ் என்ற அளவைத் தெரிந்துகொள்வது உதவும். ஒரு நொடியில் செய்யக்கூடிய தசமக் கணக்குகளை லட்சம் கோடி என்ற அலகில் சொல்வது அது. பிளேஸ்டேஷன் 5இன் படம் வரையும் பகுதியில் 36 கணிப்பு அலகுகள் உள்ளன. ஒவ்வோர் அலகிலும் 64 சிறு கணிப்பான்கள். ஒவ்வொன்றும் கடிகாரத்தின் ஒரு துடிப்பில் 2 கணக்குகளைச் செய்யும். கடிகாரம் உச்சத்தில் நொடிக்கு 223 கோடி முறை, அதாவது 2.23 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் துடிக்கும். இவற்றைப் பெருக்கினால் 10.28 டெராஃப்ளாப்ஸ் வருகிறது. 2019 இறுதியில் ஏஎம்டியின் சோதனைப் பதிவுகள் சில கசிந்தபோது அவற்றில் இருந்தவை 36 அலகுகளும் 2 கிகாஹெர்ட்ஸும். அந்தப் பெருக்கல் தந்தது 9.2. எண்ணிக்கை சரியாக இருந்தது, வேகம் மாறியிருந்தது. அலகுகளின் எண்ணிக்கை சில்லை வரையும்போதே முடிவாகிவிடுவதால் அது வெளியே தெரிய நெடுங்காலம் கிடைக்கிறது. வேகமோ வெப்பத்தையும், விசிறியையும், கிடைக்கும் சில்லுகளில் எத்தனை தேறும் என்பதையும், எதிராளி என்ன செய்கிறார் என்பதையும் பார்த்துக் கடைசியில் முடிவாவது. பாரில் சிப்பி எத்தனை என்று முங்கிப் பார்த்தவர் சொல்லிவிடலாம். உள்ளிருக்கும் ஒளியை அவரால் சொல்ல முடியாது. அந்த ஒளிதான் விலை. டெராஃப்ளாப்ஸ் எண்ணும் அதை முழுதாகச் சொல்லிவிடாது: போட்டியாக வந்த எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் 12.15 டெராஃப்ளாப்ஸ் கொண்டிருந்தும், பல விளையாட்டுகள் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே தரத்தில்தான் ஓடின.

இத்தகைய விவரங்கள் வெளியே வந்த வழிகளில் ஒன்று இந்தியாவின் ஊடாகச் சென்றது என்பது பலர் அறியாதது. பிளேஸ்டேஷனுக்கும் எக்ஸ்பாக்ஸுக்கும் சில்லு வடிவமைக்கும் ஏஎம்டிக்கு ஹைதராபாத்திலும் பெங்களூருவிலும் பெரிய வடிவமைப்பு மையங்கள் உள்ளன. சோதனைப் பலகைகள் அங்கு வந்திறங்கும்போது சுங்கப் பதிவில் அவை ஒரு வரியாகின்றன. அந்தப் பதிவுகளைத் தொகுத்துத் தந்த ஜௌபா போன்ற நிறுவனங்களின் வழியாக, ‘ஃபிஜி’ என்ற குறிப்பெயர் கொண்ட ஏஎம்டி கிராபிக்ஸ் சில்லின் வருகை, அது 2015 ஜூனில் சந்தைக்கு வருமுன்பே உலகுக்குத் தெரிந்துவிட்டது. அந்த வரிகளில் ரூபாய் மதிப்பும் இருந்ததால், அதையே சந்தை விலை என்று நம்பிச் சிலர் கணக்குப் போட்டனர். ஆராய்ச்சிக்கென்று விலையின்றி வரும் பலகைக்குச் சுங்கத்தில் காட்டும் மதிப்பு கடை விலை ஆகாது என்பதைத் தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்குக்குத் தாள் எழுதும் எவரும் சொல்லியிருப்பார். நாள்தோறும் அந்தப் பட்டியலை வெளியிடும் வழக்கத்தை 2016 நவம்பரில் நடுவண் அரசு நிறுத்தியது. 2022இல் சுங்கச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 135ஏஏ பிரிவு, இறக்குமதியாளர் தந்த மதிப்பு, அளவு முதலிய விவரங்களை அனுமதியின்றி வெளியிடுவோருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, 50,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது.

வணிகரின் சரக்கு விவரம் வணிகருக்கே உரியது என்பதால் அந்தச் சட்டத்தின் நோக்கத்தில் குறை காண முடியாது. ஆனால் கசிவை அடைத்தவுடன் வாங்குபவருக்கு வேறு மாதிரி கிடைக்கிறதா என்பதுதான் கேள்வி. நிண்டெண்டோ ஸ்விட்ச் 2 இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. வியட்நாமுக்குச் சென்ற உதிரிபாகங்களின் சரக்குப் பதிவுகளிலிருந்து 12 ஜிபி நினைவகம், 256 ஜிபி சேமிப்பு என்று 2024இல் கணிக்கப்பட்டவை பின்னர் அப்படியே உண்மையாயின. 2025 ஏப்ரல் 2 அன்று அந்தக் கருவியை விரிவாக அறிமுகப்படுத்திய நிறுவனமோ, சில்லைப் பற்றித் தன் விவரப் பட்டியலில் ‘என்விடியா செய்த தனிச் செயலி’ என்ற அளவிலேயே நிறுத்திக்கொண்டது. அதே சில்லு கையில் வைத்து விளையாடும்போது மின்கலத்தைக் காக்க 561 மெகாஹெர்ட்ஸிலும், தொலைக்காட்சியோடு இணைத்தால் 1007 மெகாஹெர்ட்ஸிலும் ஓடுகிறது என்பதைத் தொழில்நுட்ப இதழாளர்கள்தான் தேடித் தந்தனர். இதற்கு மாறாக, பிளேஸ்டேஷன் 5இன் வடிவமைப்பாளர் மார்க் செர்னி 2020 மார்ச் 18 அன்று, விற்பனைக்கு ஏறத்தாழ எட்டு மாதம் முன்பே, அலகு, வேகம், நினைவகம், சேமிப்பின் வாசிப்பு வேகம் அனைத்தையும் விளக்கிச் சொன்னார். அதுவே சலாபத்தின் முறை: மாதிரியைத் திறந்து காட்டிவிட்டு ஏலம் கூறுவது. எல்லாக் கன்சோல் நிறுவனங்களிடமும் கேட்கவேண்டியது இதைத்தான்.

கேட்பதற்கு இந்தக் கரையில் காரணமும் இருக்கிறது. 2021 பிப்ரவரி 2 அன்று பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு வந்தபோது வட்டு இயக்கியுள்ள வகையின் விலை 49,990 ரூபாய். 2022 நவம்பரில் அது 54,990 ஆயிற்று. முன்பெல்லாம் நாளாக நாளாகக் குறைந்த கன்சோல் விலை இப்போது ஏறுகிறது. பெரியதாழையில் கடல் தொழிலில் கிடைக்கும் பங்கு ஒரு வாரம் போல மறுவாரம் இருப்பதில்லை; அந்தப் பங்கிலிருந்தோ கப்பல் வேலைச் சம்பளத்திலிருந்தோ இத்தனை பெரிய தொகையை எடுத்துவைக்கும் ஒரு குடும்பம், இருப்பதை இப்போது வாங்குவதா, அடுத்தது வரும்வரை பொறுப்பதா என்று முடிவு செய்யவேண்டியிருக்கிறது. அந்த முடிவுக்கு நம்பத்தக்க தகவல் வேண்டும். நள்ளிரவு வதந்தி போதாது.

அடுத்த பிளேஸ்டேஷனைப் பொறுத்தவரை உறுதியாகச் சொல்லக்கூடியது சிறிதே. சோனியும் ஏஎம்டியும் ‘அமெதிஸ்ட்’ என்ற கூட்டுத் திட்டத்தில் இணைந்து உழைக்கின்றன. 2025 அக்டோபரில் செர்னி மூன்று நுட்பங்களை விவரித்தார்: கணிப்பு அலகுகளைக் கூட்டாக இயக்கிச் செயற்கை நுண்ணறிவு வேலைகளைச் செய்விப்பது, ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிடுவதற்கெனத் தனி உறுப்பு, நினைவகத்துக்குப் போய்வரும் தரவு முழுவதையும் சுருக்கி அனுப்பும் முறை. ஆனால் இவை அப்போதைக்குக் கணினிப் பாவனையில் மட்டுமே இருந்தன என்றும், சில ஆண்டுகளில் வரும் ஒரு கன்சோலுக்கானவை என்றும் அவரே சொல்லிவிட்டார். அப்படியிருந்தும் அதன் டெராஃப்ளாப்ஸையும் விலையையும் இன்றே எழுதிக்காட்டுகிறவர்கள் உண்டு. சிப்பிக் குஞ்சு பாரில் ஒட்டிக் குளிப்புக்கு முதிர ஆண்டுகள் செல்லும். இடையில் புயல் புரட்டும், திருக்கை தின்னும். இந்தச் சிப்பியோ இன்னும் பாரில் ஒட்டவே இல்லை.