மூன்று மாதக் கெடுவும் நம் வீட்டு மௌனமும்

நம் வீட்டுப் பெண்கள் கல்லூரிகளில் பாடம் நடத்தப் போகத் தொடங்கி இரண்டு தலைமுறைகள் ஆகிவிட்டன. மருத்துவமனை, தொழிற்சாலை, கணினி நிறுவனம் என்றால் ஆயிரம் கேள்வி கேட்கும் நம் பெரியவர்கள், கல்லூரி என்றதும் கேள்விகளை நிறுத்திக்கொள்கிறார்கள். மகள் முதுகலை முடித்து, நெட் தேர்ச்சி பெற்று, முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கிறாள் என்றால் மாப்பிள்ளை வீட்டாரும் முகம் சுளிப்பதில்லை. கண்ணியமான பணி, பாதுகாப்பான இடம் என்பது நம் சமுதாயத்தில் ஊறிப்போன எண்ணம். பணி கண்ணியமானது என்பதில் நமக்கு ஐயமில்லை. இடத்தைப் பற்றித்தான் சற்றுப் பேச வேண்டியிருக்கிறது.

2025 செப்டம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. கொல்கத்தாவிலுள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் பெண் பேராசிரியர் ஒருவர், அதன் துணைவேந்தர் மீதே பாலியல் தொல்லைப் புகார் அளித்திருந்தார். 2019 முதல் தமக்கு நேர்ந்தவை, இணங்க மறுத்ததால் பதவி உயர்வு தாமதமானது, கடைசியாக 2023 ஏப்ரலில் விடுக்கப்பட்ட அழைப்பும் மிரட்டலும் எனப் புகார் நீள்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் பல்கலைக்கழக ஆய்வு மையம் ஒன்றின் இயக்குநர் பொறுப்பிலிருந்து அவர் நீக்கப்பட்டார். புகாரை எழுத்தில் கொடுத்தது டிசம்பர் 26ஆம் தேதி.

இவை குற்றச்சாட்டுகள். உண்மையா, பொய்யா என்று யாரும் விசாரித்து முடிவு சொல்லவில்லை. பிரச்சினையே அங்கேதான் இருக்கிறது. விசாரணை தொடங்கும் முன்பே புகார் காலங்கடந்தது என்று உள்ளூர்ப் புகார்க் குழு தள்ளிவிட்டது. கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி அம்முடிவை ரத்து செய்தார். இரு நீதிபதிகள் அமர்வு அதை மீட்டது. உச்ச நீதிமன்றமும் அமர்வின் பக்கமே நின்றது. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். சம்பவங்கள் தொடர்ச்சியாக நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து கணக்கிடலாம். தகுந்த காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் குழு நீட்டிக்கலாம். ஏப்ரலுக்கும் டிசம்பருக்கும் இடையே எட்டு மாதம். ஆகஸ்டில் நடந்த பதவி நீக்கம் ஒரு நிர்வாக நடவடிக்கையே தவிர, தொல்லையின் தொடர்ச்சியன்று என நீதிமன்றம் கருதியது.

அத்தோடு முடித்திருந்தால் இது மற்றுமொரு காலக்கெடு வழக்காகப் போயிருக்கும். ஆனால் நீதிபதிகளுக்கே மனம் ஒப்பவில்லை போலும். இத்தீர்ப்பைத் துணைவேந்தர் தம் தன்விவரக் குறிப்பில் சேர்த்தாக வேண்டும், அதை அவரே உறுதிசெய்ய வேண்டும் என்று உத்தரவிட்டார்கள். விசாரிக்கப்படாத குற்றச்சாட்டு ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பில் நிரந்தரமாக ஏறுகிறது. குற்றம் சாட்டியவருக்கோ விசாரணை கிடைக்கவில்லை. இரு தரப்பில் எவருக்கும் இது நீதியாக எமக்குத் தோன்றவில்லை.

ஒன்றை எண்ணிப் பாருங்கள். அது சட்டத்தையே பாடமாகக் கற்பிக்கும் பல்கலைக்கழகம். அங்கே பேராசிரியராக இருப்பவருக்கே காலம் கடந்துவிட்டதென்றால், வேதியியலோ அரபு மொழியோ கற்பிக்கும் நம் சகோதரிக்கு என்ன ஆகும்?

ஏன் தாமதிக்கிறார்கள் என்று கேட்பவர்கள் கல்லூரியின் உள்கட்டமைப்பை அறியாதவர்கள். ஒரு துணைப் பேராசிரியரின் தகுதிகாண் காலம், பதவி உயர்வு, ஆய்வு நெறியாளர் அங்கீகாரம், கருத்தரங்குக்குப் போக அனுமதி, காலை முதல் மணி நேர வகுப்பா மாலைக் கடைசி வகுப்பா என்பது வரை எல்லாம் துறைத்தலைவர், முதல்வர், பதிவாளர் ஆகியோரின் கையெழுத்தில் இருக்கிறது. ஆய்வு மாணவியாக இருந்து அதே துறையில் ஆசிரியரானவர் என்றால் நெறியாளரே மேலதிகாரியும் ஆகிறார். கௌரவ விரிவுரையாளர்களின் நிலை இன்னும் மோசம். பணி நீட்டிப்பை எதிர்பார்த்துக் காத்திருப்பவர், நீட்டித்துத் தர வேண்டியவர் மீதே எப்படிப் புகார் எழுதுவார்? ஒப்பந்தம் முடியட்டும் என்று அவர் காத்திருக்கும்போதே சட்டம் கொடுத்த மூன்று மாதம் முடிந்துவிடுகிறது.

அந்த மூன்று மாதத்தில் பெரும்பகுதியைத் தின்பது நம் வீடுகள்தாம். இதைச் சொல்லத் தயங்கித்தான் இவ்வளவு நேரம் பல்கலைக்கழகத்தைப் பற்றிப் பேசினோம்.

எமக்கு நன்கு அறிமுகமான ஒரு குடும்பம். மகள் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். மூத்த பேராசிரியர் ஒருவர் விடைத்தாள் திருத்தும் அறையில் நடந்துகொண்ட விதம் குறித்து அவள் முதலில் உம்மாவிடம் சொன்னாள். சொல்வதற்கே அவளுக்கு ஐந்து வாரம் பிடித்தது. உம்மா வாப்பாவிடம் சொல்ல இன்னும் பத்து நாள். வாப்பா கெட்டவர் அல்லர்; மகளின் படிப்புக்காக நிலத்தை விற்றவர். அவர் சொன்னது இதுதான்: "தங்கச்சிக்கு இப்பதான் சம்பந்தம் பேசிட்டிருக்கோம். இந்த வருஷத்தை முடிச்சிட்டு நின்னுடும்மா." அவள் நின்றுவிட்டாள். அதற்குப் பிறகு எந்தக் கல்லூரிக்கும் விண்ணப்பிக்கவில்லை. அந்தக் கல்லூரியில் ஒரு காகிதம்கூட அசையவில்லை, ஏனெனில் அவர்களுக்கு எந்தக் காகிதமும் போகவில்லை.

அந்தத் தந்தையைக் குறைகூற எமக்கு மனமில்லை. ஆனால் நிறுவனம் 'எங்கள் நற்பெயர்' என்று சொல்வதற்கும் நாம் 'குடும்ப மானம்' என்று சொல்வதற்கும் இடையே வேறுபாடு எங்கே என்று எம்மையே கேட்டுக்கொண்டோம். அவர்கள் கோப்பை மூடுகிறார்கள். நாம் கோப்பு திறக்கவே விடுவதில்லை.

"நான்கு சாட்சிகள் எங்கே?" என்று கேட்போரும் நம்மிடையே உண்டு. அந்நூர் அத்தியாயம் நான்கு சாட்சிகளைக் கேட்பது கற்புள்ள பெண்கள்மீது பழி சுமத்துவோரிடம். பெண்களின் கண்ணியத்தைக் காக்க வந்த அந்த நிபந்தனையை, தொல்லைக்குள்ளான பெண்ணின் வாயை அடைக்கத் திருப்பிவிடுவது நியாயமா என்பதை ஆலிம்கள் மிம்பரிலிருந்தே விளக்க வேண்டும். பிறர் குறையைப் பரப்புவதைக் கண்டிக்கும் மார்க்கம், அநீதிக்குள்ளானவரின் முறையீட்டை அதில் சேர்க்கவில்லை. அந்நிஸா அத்தியாயத்தின் 148ஆம் வசனத்தை ஓதுவோர் இதை அறிவர். தன் கணவரைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் வாதிட வந்த ஒரு பெண்மணியின் நிகழ்வே அல்முஜாதலா அத்தியாயத்துக்குப் பெயராக நிற்கிறது. புகார்க் குழுவின் விசாரணையிலும் குற்றவியல் நீதிமன்றத்தைப் போல ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கத் தேவையில்லை. நடந்திருக்கவே வாய்ப்பு மிகுதி என்று சான்றுகள் காட்டினால் போதும்.

பொய்ப் புகார் வந்தால் என்ன செய்வது என்ற அச்சமும் நேர்மையானதே. ஆண்மக்களைப் பெற்றவர்களும் நம்மில் பாதிப்பேர். வேண்டுமென்றே பொய்யுரைத்ததாக விசாரணையில் நிறுவப்பட்டால் நடவடிக்கை எடுக்கச் சட்டத்தில் இடமுண்டு. அதே வேளையில், சான்று போதவில்லை என்பதாலேயே ஒரு புகாரைப் பொய் என்று கொள்ளக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது.

இனி நிறுவனங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடங்களில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். தலைவர் மூத்த பெண் ஊழியராகவும், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்களாகவும், ஒருவர் வெளியிலிருந்து வருபவராகவும் இருக்க வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிமுறைகள் இன்னும் ஒரு படி மேலே போயின. துணைவேந்தர், பதிவாளர், புல முதன்மையர், துறைத்தலைவர் போன்ற உயர் நிர்வாகிகள் இக்குழுவில் உறுப்பினராக இருக்கலாகாது. ஏன் இந்த விதி என்று விளக்க வேண்டியதில்லை. ஆயினும் சுவரில் ஒட்டிய பட்டியலை நின்று படித்துப் பாருங்கள், எத்தனை இடங்களில் துறைத்தலைவர்களே அமர்ந்திருக்கிறார்கள் என்பது தெரியும்.

குழு அமைத்தால் போதுமா? கோவா பல்கலைக்கழக வழக்கு இதற்கு விடை சொல்லும். அங்கே மாணவிகள் ஆசிரியர் ஒருவர் மீது 2009இல் புகார் தந்தார்கள். குழு விசாரித்தது, அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தப் பணிநீக்கத்தை ரத்து செய்தது. குழு அவசர அவசரமாக விசாரணையை முடித்து, குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தம் தரப்பைச் சொல்ல உரிய வாய்ப்புத் தரவில்லை என்பதே காரணம். வழக்கு மீண்டும் குழுவிடமே திரும்பியது, பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு. புகார் தந்த மாணவிகள் அதற்குள் எங்கெங்கோ போயிருப்பார்கள். விசாரணை நடத்தத் தெரியாத குழு, விசாரிக்க மறுக்கும் குழுவைப் போலவே தீங்கு செய்கிறது.

நிறுவனங்கள் வழக்கமாகச் செய்வது வேறொன்றும் உண்டு. புகார் தந்தவரை வேறு துறைக்கோ, வேறு வளாகத்துக்கோ மாற்றிவிட்டு, "பாதுகாப்புக்காக" என்பார்கள். சட்டம் சொல்வது அப்படியன்று. விசாரணைக் காலத்தில் இடமாற்றமோ மூன்று மாதம் வரை கூடுதல் விடுப்போ, அந்தப் பெண் எழுத்தில் கேட்டால்தான். குற்றம் சாட்டப்பட்டவரை மாற்றும்படியும் அவர் கேட்கலாம். சமரசமும் அவ்வாறே. அவர் வேண்டினால் மட்டுமே சமரசம் பேசலாம். பணம் கொடுத்து முடிப்பது கூடாது. மாணவர்கள் ஆசிரியைகளின் படத்தைத் திரித்துப் பரப்புவது, இரவில் குறுஞ்செய்தி அனுப்புவது போன்றவற்றைச் "சின்னப் பசங்க" என்று சிரித்துக் கடக்கிறார்கள். பாதுகாப்பான பணியிடம் தரும் கடமை, பணியிடத்தில் எதிர்ப்படும் எவரிடமிருந்தும் ஊழியரைக் காப்பதையும் உள்ளடக்கியது. மாணவர்கள் அதற்கு விலக்கல்லர்.

சட்டத்தை மீறும் நிறுவனத்துக்கு முதல் தடவை அபராதம் ஐம்பதாயிரம் ரூபாய் வரை. ஒரு பட்டமளிப்பு விழாவின் பந்தல் செலவுக்குக்கூட இது காணாது.

நம் சமுதாயமும் கல்லூரிகள் நடத்துகிறது, திருச்சி, சென்னை, பாளையங்கோட்டை எனப் பல ஊர்களில். வக்பு சொத்தும் வணிகர்களின் நன்கொடையும் சேர்ந்து எழுந்த இந்நிறுவனங்கள் நமக்கு அமானிதம். சிறுபான்மைக் கல்லூரி என்பதால் இச்சட்டத்திலிருந்து விலக்கு ஏதும் இல்லை. ஆட்சிக்குழுவில் அமர்ந்திருக்கும் பெரியவர்களிடம் நாம் கட்டட நிதியைப் பற்றிக் கேட்கிறோம், சேர்க்கை இடங்களைப் பற்றிக் கேட்கிறோம். புகார்க் குழுவின் வெளியுறுப்பினர் யார், கடைசியாக அக்குழு எப்போது கூடியது, ஆண்டறிக்கையில் அதைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று இதுவரை எவரும் கேட்டு நாம் அறியோம். நாமும் கேட்டதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். வரும் ஆண்டுக்கூட்டத்தில் எம்மில் சிலர் எழுத்து மூலம் கேட்க எண்ணியிருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.

அதுவரை, மகளோ மருமகளோ சகோதரியோ கல்லூரியில் பணிபுரியும் குடும்பங்கள் சிலவற்றை அறிந்து வைத்திருங்கள். அவள் சொன்ன அன்றே தேதி, நேரம், இடம், அருகில் யார் இருந்தார்கள் என்பதை அவள் கைப்பட எழுதச் சொல்லுங்கள். செய்திகளை அழிக்க வேண்டாம். புகார் முடிவு பிறகு எடுக்கலாம்; எழுதுவதைத் தள்ளிப்போடக் கூடாது. புகார் ஆறு பிரதிகளில் தர வேண்டும். அவளால் நேரில் புகார் தர இயலவில்லையெனில், அவளுடைய எழுத்துபூர்வ ஒப்புதலோடு, நடந்ததை அறிந்த வேறொருவர் தரலாம். அது வாப்பாவாகவும் இருக்கலாம், அண்ணனாகவும் இருக்கலாம். கல்லூரியின் தலைமைப் பொறுப்பில் இருப்பவர் மீதே புகார் என்றால், கல்லூரிக் குழுவிடம் போக வேண்டியதில்லை. ஒவ்வொரு மாவட்டத்திலும் இதற்கென உள்ளூர்ப் புகார்க் குழு உண்டு, மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள். ஒன்றிய அரசின் ஷீ-பாக்ஸ் இணையதளம் வழியாகவும் பதிவு செய்யலாம். காவல்துறையில் தனியே புகார் செய்யும் உரிமை இவற்றால் போய்விடாது. அவள் அதை விரும்பினால், அதற்கு உதவ வேண்டியதும் நிறுவனத்தின் கடமைகளுள் ஒன்று.