தட்டிப் பார்க்காமல் வாங்கிய கிதார்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

என் தாயார் சந்தையில் மண்சட்டி வாங்குவதைச் சிறுவயது முதல் பார்த்து வருகிறேன். சட்டியை இடக் கையில் ஏந்தி, வலக் கை விரல் முட்டியால் தட்டி, காதருகே வைத்துக் கேட்பார். 'கணீர்' என்றால் கூடைக்குள் போகும். ஓசை மங்கினால் வந்த இடத்துக்கே திரும்பும். என் பாட்டனார் மாடு வாங்கினால் பல்லைப் பார்ப்பார், சுழி பார்ப்பார், பத்தடி நடக்கவிட்டுப் பார்ப்பார். அதன் பின்னர்தான் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவார். ஒரு தேங்காயைக்கூட ஆட்டிப் பார்க்காமல் எங்கள் வீட்டில் எவரும் வாங்கியது கிடையாது.

இப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்து, அக்குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவன் நான். அந்த நான், 9,000 ரூபாய் கொடுத்து ஓர் இசைக்கருவியை ஒருமுறைகூடத் தொட்டுப் பார்க்காமல் வாங்கினேன். படிக்காதவர்கள் செய்யாத பிழையைப் படிக்க வந்தவன் செய்தேன்! அந்தப் பிழை எனக்குக் கற்பித்ததை என் மாணவ நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முகூர்த்த நாட்களில் திருமண மண்டபங்களுக்குப் பந்தி பரிமாறச் செல்வது நம்மில் பலருக்கும் பழக்கம்தான். எனக்கு ஒரு முகூர்த்தத்துக்கு 500 ரூபாய் கூலி. அப்படி ஒரு மாலை, நான் சாப்பாட்டுக் கூடத்தில் சாம்பார் வாளியோடு நின்றிருந்தேன். மேலே மண்டபத்தில் மெல்லிசைக் குழுவின் கச்சேரி. பாடகரின் குரல் கீழே வரவில்லை, வயலின் வரவில்லை, குழல் வரவில்லை. சுவரையும் தளத்தையும் கடந்து ஒரே ஓர் ஒலி மட்டும் வந்தது. 'தும், தும்' என்று நெஞ்சாங்கூட்டில் வந்து தட்டியது. விருந்தினர்க்கெல்லாம் முழுப் பாட்டும் கிடைத்தது. பரிமாறுகிறவனுக்குக் கிடைத்தது அந்த ஒன்றுதான். அதுதான் பேஸ் கிதார்.

அதன் காரணம் பின்னர் வகுப்பில் விளங்கியது. பேஸ் கிதாரின் மிகத் தடித்த கம்பி நொடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிர்கிறது. காற்றில் அந்த ஒலியின் அலைநீளம் 8 மீட்டருக்கும் அதிகம். உயர்ந்த சுரங்களைத் தடுத்துவிடுகிற சுவர்கள் இந்தத் தாழ்ந்த சுரங்களை அந்த அளவுக்குத் தடுப்பதில்லை. இளையராஜாவின் பாடல்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இக்கருவியின் அழகை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பாட்டின் அடியில் இன்னொரு பாட்டாக ஓடிக்கொண்டே இருக்கும். அது நின்றால்தான் அது இருந்ததே நமக்குத் தெரியும்!

பதினெட்டு முகூர்த்தங்களின் கூலியைச் சேர்த்தேன். நம் ஊரில் பேஸ் கிதார் வைத்திருக்கும் கடை இல்லை. ஆகவே, வேறொரு நகரத்தில் ஒருவர் தம் பழைய கருவியை விற்கிறார் என்று கைப்பேசியில் கண்டதும் பேசினேன். நான்கு படங்கள் அனுப்பினார். அரை நிமிடம் வாசித்துக் காட்டிய ஒளிப்பதிவு ஒன்றும் அனுப்பினார். கருவி பளபளவென்று இருந்தது. பணத்தை அனுப்பினேன். நான்காம் நாள் பேருந்துப் பார்சலில் கருவி வந்து சேர்ந்தது.

இங்கே என் அறியாமையின் முதற் படி. அந்த ஒளிப்பதிவைக் கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில்தான் கேட்டேன். நொடிக்கு 41 அதிர்வுகள் கொண்ட ஒலியை அந்தச் சிறு கருவியால் உருப்படியாக எழுப்ப இயலாது. மேற்சுரங்களை மட்டுமே அது தருகிறது. அவற்றைக் கொண்டு நம் மூளைதான் அடிச்சுரத்தை இட்டு நிரப்பிக்கொள்கிறது. அதாவது, நான் கேட்டது பாதி கருவியின் ஓசை. மீதி என் ஆசை!

இரண்டாம் படி இன்னும் வேடிக்கை. மின் கிதார் தானாகப் பெரிதாய் ஒலிக்காது, ஆம்ப்ளிஃபையர் வேண்டும். அது என்னிடம் இல்லை. கிதாரின் தலைப் பகுதியை மரக்கதவில் அழுத்தி வைத்துக்கொண்டு வாசித்தேன். கதவு அதிர்ந்து ஒலித்தது. மூன்று வாரம் எங்கள் வீட்டுக் கதவுதான் எனக்கு ஒலிபெருக்கி. விரல்களோ கொப்புளித்தன. கம்பிகள் பலகையிலிருந்து மிக உயரத்தில் நின்றன. பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தினால் சுரம் ஏறிப் பேசியது. எனக்குத்தான் வாசிக்க வரவில்லை என்று எண்ணிக்கொண்டேன். இது முக்கியம், நண்பர்களே! பழுதான கருவியை வாங்கிய புதியவன் கருவியைக் குறை சொல்வதில்லை. தன்னையே குறை சொல்லிக்கொள்கிறான்.

இறுதியில் துணிந்து, அந்த மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசிக்கும் அண்ணனைத் தேடிப் போனேன். கருவியைக் கையில் வாங்கியதும், துப்பாக்கியைக் குறி பார்ப்பதுபோல ஒரு கண்ணை மூடிக் கழுத்தின் நீளத்தைப் பார்த்தார். "கழுத்து வளைஞ்சிருக்கு, தம்பி" என்றார். பிறகு தம் ஆம்ப்ளிஃபையரில் இணைத்து நான்கு கம்பிகளையும் ஒவ்வொன்றாக மீட்டினார். தடித்த இரண்டும் முழங்கின. மெல்லிய இரண்டும் ஊமை! விற்றவரின் ஒளிப்பதிவை மீண்டும் போட்டுப் பார்த்தோம். அவர் தடித்த இரு கம்பிகளில் மட்டுமே வாசித்திருந்தார். அவர் தெரிந்தே மறைத்தாரா, நான் அறியேன். நான் கேட்கவில்லை என்பது மட்டும் உறுதி.

கழுத்து ஏன் வளைகிறது? நான்கு கம்பிகளும் சேர்ந்து அதை 70 கிலோவுக்கும் மேற்பட்ட விசையோடு இழுக்கின்றன. அதற்கு எதிராகக் கழுத்தின் உள்ளே ஓர் எஃகுக் கம்பி இருக்கிறது. அதைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருகி, அண்ணன் வளைவை நிமிர்த்தினார். ஊமையான கம்பிகளின் காரணத்தை நம் ஆய்வுக்கூடத்தில் கண்டோம். கம்பிகளின் அடியில் இருக்கும் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பிச் சுருள். 1831இல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டலே அதன் வேலை. என் கருவியில் அச்சுருள் இரண்டு பாதிகளாக, பாதிக்கு இரண்டு கம்பிகள் வீதம் அமைந்தது. எங்கள் விரிவுரையாளர் அன்போடு அனுமதிக்க, பல்பயன் மின்னளவியால் அளந்தேன். ஒரு பாதி 5 கிலோ ஓம் அளவில் காட்டியது; மறு பாதி சுழியத்தை ஒட்டி நின்றது. குறுக்குச்சுற்று! புதிய பிக்கப்பும் புதிய கம்பிகளும் 2,500 ரூபாய். இன்னும் ஐந்து முகூர்த்தங்கள்.

சிலர் கேட்கலாம்: "சட்டை, புத்தகம், கைப்பேசி என எல்லாவற்றையும் பாராமலே வாங்கும் காலமாயிற்றே இது, கிதாரை மட்டும் ஏன் வாசித்துப் பார்க்க வேண்டும்?" புத்தகத்தின் ஒரு படியும் மறு படியும் ஒன்றே. மரத்தில் செய்த கருவி அப்படி அன்று. ஈரத்தில் மரம் உப்பும், வெயிலில் சுருங்கும். ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் செய்த இரண்டு கிதார்கள் ஓராண்டு கழித்து இரண்டு விதமாக நிற்கும். அதுவும் பழைய கருவி என்றால், அது எந்த வீட்டில் எப்படிக் கிடந்ததோ! தஞ்சாவூர் வீணையை எண்ணிப் பாருங்கள். பலாமரத்தில் குடைந்த அவ்வீணையின் 24 மெட்டுகளையும் மெழுகின்மேல் ஒவ்வொன்றாகக் காதால் கேட்டுக் கேட்டே பதிக்கிறார்கள். மேளம் கட்டுதல் என்பது அதன் பெயர். செவியைச் சாட்சி வைத்துக் கருவி செய்தவர்களின் நாட்டில், கண்ணை மட்டும் நம்பிக் கருவி வாங்குவது முறையா?

"வாசித்துப் பார்த்து வாங்கு" என்பது நல்ல அறிவுரைதான். ஆனால் அதற்குள் இரண்டு வசதிகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, பக்கத்தில் கடை இருக்க வேண்டும். மற்றொன்று, வாங்குகிறவனுக்கு வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டும் இல்லாதவன் என்ன செய்வான்? கடைக்கே போயிருந்தாலும் அன்றைக்கு எனக்கு என்ன தெரிந்திருக்கும்?

இதற்கு விடையை இக்கருவியின் வரலாற்றிலேயே கண்டேன். பேஸ் கிதாரைப் பரவலாக்கியவர் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், ஃபுல்லர்ட்டன் என்னும் ஊரைச் சேர்ந்த லியோ ஃபெண்டர். வானொலிப் பெட்டி பழுது பார்த்து வந்தவர். ஆள் உயர டபுள் பேஸைச் சுமந்து திரிந்தவர்களுக்கு, தோளில் மாட்டிக்கொள்ளத் தக்க கருவியை 1951இல் அளித்தார். மெட்டுகள் இருந்ததால் சுரம் துல்லியமாக அமைந்தது. அதனாலேயே அதற்கு 'பிரிசிஷன் பேஸ்' என்று பெயர். ஆயினும் அவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது! தாம் செய்த கருவிகளை வாசிக்கத் தெரிந்த கலைஞர்களின் கையில் கொடுத்து, அவர்கள் சொன்ன குறைகளைக் கேட்டுத் திருத்தினார். செய்தவரே பிறரைக் கேட்டார் என்றால், வாங்குகிறவன் கேட்பதில் என்ன வெட்கம்?

ஆம், வெட்கம்! என் பிழையின் வேர் அதுதான். அந்த அண்ணனை நான் பல மண்டபங்களில் பார்த்திருக்கிறேன். அவர் இலையில் சோறே பரிமாறியிருக்கிறேன். "ஒரு கிதார் வாங்க வேண்டும், பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்க வாய் வரவில்லை. வாளி தூக்குகிறவனுக்குக் கிதார் எதற்கு என்று நினைப்பாரோ என்று அஞ்சினேன். பழுது பார்த்து முடித்த பின் அவர் சொன்னது இது ஒன்றே: "வாங்குறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, தம்பி!"

கிதாருக்கு மட்டுமா இது பொருந்தும்? கல்லூரியில் சேர வந்த நாளில் நானும் என் தந்தையும் விண்ணப்பத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த வேப்பமரத்தடியில் ஒரு மணி நேரம் நின்றோம். எந்தப் பாடம் எதற்கு என்று எவரையும் கேட்கவில்லை. கேட்டால் என்ன நினைப்பார்களோ! கிடைத்த பாடத்தில் சேர்ந்தேன். இயற்பியல் எனக்குப் பிடித்துப்போனது என் நற்பேறு. பிடிக்காமல் போய்ப் பாதியில் நின்றவர்களையும் அறிவேன். வீட்டில் முன்னால் நடந்தவர் இல்லாத நமக்குப் பணக்குறையைவிடப் பெரிய குறை, கேட்கக் கூசுவதே என்பது என் தாழ்மையான கருத்து. ஆளைத் தேர்ந்து தெளிவதற்கென்றே வள்ளுவர் தனி அதிகாரம் வகுத்தார். பொருளைத் தேர்வதற்கும் முதலில் ஆளைத்தான் தேர வேண்டும்.

எனவே, கருவி வாங்க எண்ணும் நண்பர்களுக்குச் சில சொற்கள். வாசிக்கத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். நேரில் செல்லவே வழியில்லையென்றால் இவற்றையாவது கேட்டுப் பெறுங்கள்: நான்கு கம்பிகளையும் தனித்தனியே, திறந்த நிலையிலும் பன்னிரண்டாம் மெட்டிலும் மீட்டிய பதிவு, கழுத்தைத் தலைப்பக்கமிருந்து நீளவாக்கில் பார்த்த படம், பன்னிரண்டாம் மெட்டில் அளவுகோல் வைத்து எடுத்த படம். பதிவை நல்ல காதுபேசியில் கேளுங்கள். பழுதிருந்தால் திருப்பி எடுத்துக்கொள்வாரா என்பதைப் பணம் அனுப்பும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். அம்ப்ளிஃபையருக்கும் பழுது நீக்கவும் கொஞ்சம் பணத்தை ஒதுக்கி வையுங்கள்.

நம் கல்லூரிக்கும் ஒரு வேண்டுகோள். ஆய்வுக்கூடத்தில் சுரமானியின் கம்பியில் காகிதத் துண்டை வைத்து, அது துள்ளி விழுவதைக் கண்ணால் கண்ட பிறகே அதிர்வெண்ணை எழுதுகிறோம். தொடாமல் எழுதினால் மதிப்பெண் இல்லை! நுண்கலை மன்றத்துக்கும் அப்படி ஓர் அலமாரி வேண்டும். பழைய கிதார் ஒன்று, வீணை ஒன்று, தவில் ஒன்று, பறை ஒன்று இருந்தால் போதும். வாரத்தில் ஒரு மாலை மாணவர் எவரும் வந்து தொட்டுப் பார்க்கலாம் என்ற நிலை வேண்டும். வாங்குவதற்கு முன் தொட ஓர் இடமும், கேட்க ஓர் ஆளும் அங்கே கிடைப்பார்கள்.

ஒன்று சொல்ல மறந்தேன். கருவி வந்த அன்று, பெட்டியைப் பிரித்ததும் என் தாயார் அருகில் வந்தார். விரல் முட்டியால் அதன் உடலை இரண்டு முறை தட்டிக் கேட்டார். "கட்டை நல்ல கட்டைதான்பா. உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சவங்களக் கேளு" என்றார். நான் சிரித்தேன். மூன்று வாரம் கழித்து அந்த அண்ணனும் அதையேதான் சொன்னார்: மரத்தில் குறையில்லை, உள்ளேதான் கோளாறு.

தட்டிப் பாருங்கள், நண்பர்களே! தட்டத் தெரியாவிட்டால், தெரிந்தவரைக் கேளுங்கள். கேட்பதற்குக் காசில்லை.